நான்காம் கேள்விக்கு இடம் போதவில்லை

டெக்லா,
நான்காம் கேள்விக்கு நீங்கள் விட்டிருக்கும் கட்டம்
ஒரு தபால்தலை அளவு.
தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் நோரீன் உர்கீடெஸ். வயது நாற்பத்தேழு.
டூசானின் கிழக்கு ஓரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஐம்பது பிள்ளைகளின் கூச்சலைக்
கண்ணாடியில் ஒரு பார்வையால் அடக்கத் தெரியும்.
எனக்குள்ளே எந்த நாளில் சத்தம் நின்றது,
அது மட்டும் தெரியாது.

எங்களுக்குள் சண்டை இல்லை. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.
இலாரியோ கூரைகளில் ஏறி
ஊரார் வீட்டுக் குளிரூட்டிகளுக்கு
மரச்சீவல் மெத்தை மாற்றுகிறவன்.
இரவில் என் பக்கம் திரும்புவான்.
தூங்குகிறவளைப் போல் நான் மூச்சுவிடுவேன்.
தூங்கவில்லை என்று தெரிந்தும்
போர்வையை என் தோள்வரை இழுத்துவிடுவான்.
ஆறு வருடம்
அந்தப் போர்வை.

பசியில்லாதவளுக்குத் தட்டின்மேல் என்ன கோபம்?
ஏக்கத்தில் பசலை பூத்தவர்கள் உண்டு.
எனக்கு இருந்தது
ஏக்கம் இல்லையே என்ற ஏக்கம்.
அது எந்த நிறத்தில் பூக்கும்?

இருபத்தைந்து டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்றீர்கள்.
ஜூன் மாதத்தில் இந்த ஊரில் அப்படியோர் இடம்
முட்டை அட்டைக்குப் பின்னால்தான்.
ஏழு அமினோ அமிலங்கள் கைகோத்து வளையமாகி
மூளையின் கதவைத் தட்டும் என்றீர்கள்.
வெயில் படாமல் தோல் கறுக்கத் தேடிய மருந்தின்
வழியில் வந்தது இது என்றும்,
ஆசை அதில் கேளாமல் முளைத்தது என்றும்
சிரித்தபடி சொன்னீர்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
கேட்டு முளைத்த ஆசை எது?

தொடையில் குத்தினேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்,
ரயில் வராத நடைமேடையில் இருவர் போல.
முதல் இரவு குமட்டல்.
கழுவுதொட்டியில் நான் குனிந்திருக்க
அவன் என் கூந்தலைப் பிடித்துக்கொண்டு
வேலியோரம் பன்றிகள் வந்த கதையைச் சொன்னான்.
அடுத்த வாரம் முகம் குப்பென்று சிவந்தது.
நாணம் என்று நினைத்துவிட்டான், பாவம்.
அதற்கடுத்த முறை
எங்கள் கூரையிலேயே மோட்டார் கிறீச்சிட்டது.
அவன் ஏறி இறங்குவதற்குள்
நிஜமாகவே தூங்கிவிட்டேன்.

ஐந்தாவது ஊசி ஒரு வெள்ளிக்கிழமை, இரவு எட்டரைக்கு.
குறித்திருக்கிறேன், பாருங்கள்: பலன் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை மதியம்
குளித்துவிட்டுச் சட்டை தேடிக்கொண்டிருந்தேன்.
மார்பின் ஓரத்தில் விரல் வைத்தான்.
"இது முன்பே இருந்ததா?"
இருபத்து மூன்று வருடமாக இருக்கிறது என்றேன்.
வெளிறிக் கிடந்த மச்சம்,
இப்போது மிளகு போல் கறுத்திருந்தது.
அவன் எழுந்து போய்
மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான்,
எங்கே நீர் கசிகிறது என்று பார்க்கும் அதே முகத்துடன்.
வேறு எங்கே கறுத்திருக்கிறது என்று
தேட ஆரம்பித்தான்.

டீசல் வண்டியைக் குளிர்காலக் காலையில்
சாவி திருகியதும் கிளப்ப முடியாது, டெக்லா.
ஒரு மஞ்சள் விளக்கு எரியும்.
அது அணையும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும்.
அவசரக்காரர்கள் பேட்டரியைத் தீர்த்துவிட்டு
வானத்தைத் திட்டுவார்கள்.

விளக்கு அணைந்தது.
அவ்வளவுதான் சொல்வேன்.
போர்வை தரையில் கிடந்தது.

ஊசிக்குப் பின் எத்தனை மணி நேரத்தில்
என்று கேட்கிறது உங்கள் கேள்வி.
பதினேழு.
உங்கள் அட்டவணை பன்னிரண்டோடு முடிகிறது.
மருந்தின் கணக்கில் எழுதுவதா,
மூக்குக் கண்ணாடியின் கணக்கிலா?
நீங்கள் படித்தவர், தீர்மானியுங்கள்.

மீதிப் பேனாக்கள் குளிர்பெட்டியில் இருக்கின்றன.
இன்னும் வேண்டுமா என்று எனக்கே தெரியவில்லை.
இலாரியோ ஒன்று கேட்கச் சொன்னான்:
மருந்தை நிறுத்தினால்
அந்தக் கருமை போய்விடுமா?
கவலையோடுதான் கேட்டான்.